கடல்நீரின் காரம் எங்கிருந்து வந்தது?

ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்பவர் சிரிக்கத்தான் செய்வார். ஊர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கர்நாடக எல்லை கூப்பிடு தூரம்; கடலோ கிழக்கே இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆயினும் இவ்வூரில் அன்றாடம் காணும் இரண்டு சிறு நிகழ்ச்சிகளில் கடல்நீரின் இரசாயனம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

முதலாவது, கோலி சோடா. கட்டைவிரலால் கோலியை அழுத்தியதும் 'புஸ்' என்ற ஒலியுடன் கரியமில வாயு வெளியேறுகிறது. அழுத்தம் நீங்கியதும் நீரில் கரைந்திருந்த வாயு குமிழிகளாகக் கிளம்புகிறது. சற்று நேரம் வைத்திருந்தால் சோடா வெறும் தண்ணீராகிவிடும்.

இரண்டாவது, ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரம். தண்ணீர் பார்ப்பதற்குத் தெளிவாகவே இருக்கும். பத்து நாள் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளை ஏடு படிந்துவிடும். அதைச் சுரண்டி எடுத்து அதன்மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டால் நுரைக்கும். அந்த நுரையும் கரியமில வாயுதான். ஆக, இந்த நீரிலும் அவ்வாயு இருக்கிறது. ஆனால் சோடாவில் இருப்பதுபோல் சுதந்திரமாக அல்ல; எதனோடோ கட்டுண்டு இருக்கிறது.

கடலில் கரைந்திருக்கும் கரியமில வாயு இவ்விரண்டில் எந்த வகை? விஞ்ஞானிகளுக்கு விடை கிடைக்க நூறாண்டுக்கு மேலாயிற்று.

நிலைத்த காற்று

ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவரும் இரசாயன அறிஞருமான ஜோசப் பிளாக் 1750-களில் சுண்ணாம்புக்கல்லையும் அதைப் போன்ற பொருள்களையும் ஆராய்ந்தார். கல்லைக் காளவாயில் சுட்டால் எடை குறைகிறது. குறைந்த எடை ஒரு வாயுவாக வெளியேறுகிறது என்று தராசு கொண்டு நிரூபித்தார். கல்லுக்குள் அடங்கிக் கிடந்ததால் அதற்கு 'நிலைத்த காற்று' என்று பெயரிட்டார். தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் மூச்சை ஊதினால் பால்போல வெளுப்பதற்கு அதுவே காரணம். இச்சோதனையைப் பள்ளியில் செய்யாத மாணவர் இருக்க மாட்டார். ஆனால் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். வெளுத்த பிறகும் விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் வெண்மை மறைந்து நீர் மறுபடியும் தெளிந்துவிடும். உண்மையில் சுவையான பகுதி அதுதான்.

அதன் பொருளை விளக்கியவர் ஹென்றி கேவென்டிஷ். இலண்டன் நகரில் ராத்போன் பிளேஸ் என்ற இடத்தில் இருந்த குழாய்க் கிணற்று நீரைக் காய்ச்சினால், நம்மூர் நீரைப் போலவே, வெள்ளைப் படிவு உண்டாகும். 1767-ல் வெளியிட்ட கட்டுரையில் அவர் காரணத்தைக் கண்டு சொன்னார். நிலைத்த காற்று கொஞ்சமாக இருந்தால் சுண்ணாம்பு கல்லாகிவிடும். அதிகமாக இருந்தால் அதே கல் நீரில் கரைந்து நிற்கும். காய்ச்சும்போது உபரிக் காற்று ஓடிவிடுவதால் கல் திரும்பவும் வெளிப்படுகிறது. இன்றைய மொழியில், கரையாத கால்சியம் கார்பனேட் கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாகி மீண்டும் கார்பனேட்டாகிறது என்று சொல்வோம்.

அதே 1767-ல் ஜோசப் பிரீஸ்ட்லி லீட்ஸ் நகரில் ஒரு மது வடிசாலைக்கு அருகே குடியிருந்தார். புளிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கும் வாயுவை நீரில் கரைத்து முதல் செயற்கைச் சோடாவைச் செய்தார். கப்பல் மாலுமிகளின் ஸ்கர்வி நோயை அது தீர்க்கும் என்று நம்பினார். நம்பிக்கை தவறு, பானம் மட்டும் நிலைத்துவிட்டது. 1803-ல் வில்லியம் ஹென்றி, ஒரு திரவத்தில் கரையும் வாயுவின் அளவு அவ்வாயுவின் அழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற விதியைக் கண்டார். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் கோலி வைத்த புட்டிக்கு உரிமை பெற்றது 1870-களில். அவர் நாட்டில் அப்புட்டி மறைந்துவிட்டது. நம் நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

கொதித்தும் வெளிவராத வாயு

ஹென்றியின் விதி இருக்கும்போது கடலைப் பற்றிக் கவலை என்ன? காற்றில் உள்ள கரியமில வாயுவின் அழுத்தம் மிகச் சிறியது. ஆகவே கடலிலும் சிறிதளவே கரைந்திருக்க வேண்டும். கொதிக்கவைத்தால் உயிர்வாயுவும் நைட்ரஜனும் வெளிவருவதைப் போல அதுவும் வந்துவிட வேண்டும். இப்படித்தான் எல்லோரும் எண்ணினார்கள்.

1870-களின் தொடக்கத்தில் ஜெர்மானியரான ஆஸ்கார் யாகோப்சன் கடல்நீரைக் கொதிக்கவைத்துப் பார்த்தார். மற்ற வாயுக்கள் விரைவில் வெளியேறின. கரியமில வாயுவோ நெடுநேரம் கொதித்த பின்னும் முழுவதும் வெளிவரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, மனமில்லாமல் வருவதுபோல் வந்துகொண்டே இருந்தது. எதிர்பார்த்ததைவிட அளவும் மிக அதிகம்.

இப்புதிரோடு 1872 டிசம்பரில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டது 'சாலஞ்சர்' கப்பல். மூன்றரை ஆண்டுகள் உலகக் கடல்களைச் சுற்றிய அக்கப்பலின் இரசாயன அறிஞர் ஜான் யங் புக்கானன். கூர்மையான மூளைக்காரர். ஆழ்கடல் சேற்றில் கிடைத்த ஒரு கூழ்ப்பொருளை ஆதி உயிர் என்று ஹக்ஸ்லியே கருதிப் பெயரும் சூட்டியிருந்தார். அது உயிரல்ல, கடல்நீரோடு சாராயம் சேர்ந்ததால் வீழ்படிந்த கால்சியம் சல்பேட்டுதான் என்று புக்கானன் கப்பலிலேயே கண்டு சொல்லிவிட்டார். ஆனால் கரியமில வாயு விஷயத்தில் அவரும் சறுக்கினார். கடல்நீரில் உள்ள சல்பேட் உப்புகளே வாயுவைப் பிடித்து வைக்கின்றன என்று கருதினார். ஒரு சல்பேட்டைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர் இன்னொரு சல்பேட்டால் ஏமாந்தது வேடிக்கைதான்.

சரியான விடையைத் தந்தவர் நார்வே நாட்டின் ஹெர்கூலிஸ் டோர்னோ. 1876 முதல் 1878 வரை வட அட்லாண்டிக்கில் நடந்த நார்வேயின் ஆய்வுப் பயணத்தில் பங்கேற்றவர். கடல்நீர் காரத்தன்மை உடையது என்று அவர் காட்டினார். அதிலுள்ள கரியமில வாயு பெரும்பாலும் வாயுவாக இல்லை. காரப் பொருள்களோடு கூடிப் பைகார்பனேட்டாகவும் கார்பனேட்டாகவும் இருக்கிறது. 'சாலஞ்சர்' கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளைக் கிளாஸ்கோ நகரில் பகுத்தாய்ந்து 1884-ல் முடிவுகளை வெளியிட்ட வில்லியம் டிட்மாரின் கணக்கும் இதற்கு இசைந்தது. கடல்நீரில் உள்ள அமிலப் பகுதிகளையும் காரப் பகுதிகளையும் கூட்டிப் பார்த்தால் காரம் சற்றே மிஞ்சுகிறது. மிஞ்சிய காரமே கரியமில வாயுவைக் கட்டிப் போடுகிறது.

இன்றைய அளவீடுகளின்படி, கடல்நீரில் உள்ள கரியமில வாயு சார்ந்த நூறு மூலக்கூறுகளில் ஏறக்குறைய 90 பைகார்பனேட்; 9 கார்பனேட்; சுதந்திரமான வாயு ஒன்றுக்கும் குறைவு. சோடாவைப் போல் இருப்பது அந்த ஒன்று. மீதி 99-உம் நம் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சேர்ந்தவை. இந்த ஏற்பாட்டினால்தான் கடலில் 38 இலட்சம் கோடி டன் கார்பன் அடங்கிக் கிடக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் வளிமண்டலம் முழுவதிலும் இருந்ததைப் போல் இது அறுபது மடங்குக்கு மேல்.

சரி, மிஞ்சிய காரம் கடலுக்கு எங்கிருந்து வந்தது?

பீங்கான் ஆலையிலிருந்து ஒரு விடை

விடையைச் சொன்னவர் கடலாராய்ச்சியாளரே அல்லர். பிரெஞ்சு சுரங்கப் பொறியாளர் ழாக் ழோசப் எபெல்மென். 1814-ல் பிறந்தவர், புகழ்பெற்ற செவ்ரே பீங்கான் ஆலையின் தலைவராக இருந்து 1852-ல், நாற்பது வயது நிறையுமுன்பே மறைந்தவர். பீங்கானுக்கு வேண்டிய வெள்ளைக் களிமண்ணாகிய கயோலின், ஃபெல்ஸ்பார் என்ற கடினமான தாது சிதைவதால் உண்டாகிறது. பாறை எப்படிக் களிமண்ணாகிறது, அப்போது எவை காணாமல் போகின்றன என்று எபெல்மென் கணக்கிட்டார்.

அவர் 1845-ல் கண்ட உண்மையை எளிதாகச் சொல்லலாம். மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட மிகுதியாக மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிறது. மண்ணிலுள்ள வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுவதால், மண்ணிடுக்குக் காற்றில் இவ்வாயு வெளிக்காற்றைப் போல் பல பத்து மடங்கு இருக்கும். இந்த அமிலம் ஃபெல்ஸ்பாரை அரிக்கிறது. அலுமினியமும் சிலிக்காவின் ஒரு பகுதியும் களிமண்ணாக அங்கேயே தங்குகின்றன. சோடியமும் கால்சியமும் பைகார்பனேட்டைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நீரோடு போய்விடுகின்றன. அதாவது, காற்றிலிருந்த வாயு பாறையின் காரத்தோடு கைகோத்து ஆறு வழியாகக் கடலுக்குச் செல்கிறது. கடலில் சிப்பியும் பவளமும் கால்சியம் கார்பனேட்டாகக் கூடு கட்டுகின்றன. கூடுகள் அடியில் படிந்து பாறையாகின்றன. காற்றில் இவ்வாயுவின் அளவை நீண்ட காலப்போக்கில் நிர்ணயிப்பது இதுவே, எரிமலைகள் அதைத் திருப்பித் தருகின்றன என்று வரை அவர் எழுதினார்.

எழுதியதை உலகம் மறந்துவிட்டது. 1952-ல் அமெரிக்க விஞ்ஞானி ஹெரால்டு யூரே இதையே மீண்டும் சொன்னபோது சமன்பாட்டிற்கு அவர் பெயர் வந்தது. ராபர்ட் பெர்னரும் மாஷ் என்பவரும் 1996-ல் எடுத்துக்காட்டிய பிறகே எபெல்மெனுக்கு உரிய மதிப்புக் கிடைத்தது.

கூடு கட்டும் இடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. கால்சியம் பைகார்பனேட் கார்பனேட்டாக மாறும்போது பாதிக் கரியமில வாயு விடுபட்டுவிடும். காய்ச்சும் பாத்திரத்தில் நடப்பதும் பவளத்தின் உடலில் நடப்பதும் இரசாயன அளவில் ஒன்றே. ஆகவே பாறை அரிபடும்போது காற்றிலிருந்து இரண்டு மூலக்கூறு எடுக்கப்பட்டால் கடைசியில் ஒன்றுதான் புதைகிறது. பவளம் கரியமில வாயுவை 'உறிஞ்சிக்' கல்லாக்குகிறது என்று பல புத்தகங்களில் காணலாம்; கல்லாக்கும் வேலையில் அது வாயுவை வெளிவிடவே செய்கிறது.

கிருஷ்ணகிரியின் கல்லும் தென்பெண்ணையின் நீரும்

இப்போது நம் எல்லைப்புறத்திற்குத் திரும்புவோம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையில் இருபுறமும் மொட்டைக் குன்றுகள். இவை நைஸ், கிரானைட் வகைப் பாறைகள். வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். பாரடைசோ என்ற வணிகப் பெயரில் வெளிநாடுகளுக்குப் போகும் கல் இப்பகுதியினது. இவற்றின் ஊடே சுவர்போலக் கறுப்பு டாலரைட் கல் ஊடுருவி நிற்கும் இடங்களும் உண்டு. அதைத்தான் வியாபாரிகள் கறுப்பு கிரானைட் என்று விற்கிறார்கள். பாறையின் பெரும்பகுதி ஃபெல்ஸ்பார். குன்றின் சரிவில் உதிர்ந்து கிடக்கும் சொரசொரப்பான பருமணலை விரல்களுக்கிடையே நசுக்கினால் சில துண்டுகள் மாவாகப் பொடியும். எபெல்மென் கண்ட மாற்றம் அங்கே பாதி வழியில் இருக்கிறது. நிலத்தின் செம்மண் நிறம், கரையாமல் தங்கிவிட்ட இரும்பின் நிறம்.

கரைந்துபோன பகுதியைச் சுமப்பது தென்பெண்ணை. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, அங்கே தட்சிண பினாகினி என்று பெயர் பெற்று, பெங்களூரின் கிழக்குப் புறத்தைக் கடந்து ஓசூர் வட்டத்தில் தமிழ்நாட்டினுள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டினம், சாத்தனூர், திருக்கோவிலூர் என்று நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கடலூருக்கு அருகே வங்கக் கடலில் விழுகிறது. பெங்களூரின் கழிவுநீர் கலந்து கெலவரப்பள்ளியில் பல முறை நுரை மலைபோல் பொங்கியதைப் பத்திரிகைப் படங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். அது கரியமில வாயுவின் நுரை அல்ல. சோப்புப் பொருள்கள் செய்யும் வேலை. ஆனால் கழிவு அழுகும்போது உண்டாகும் கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாமல் நீர்ப்பரப்பிலிருந்து காற்றுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆறு இருவழியிலும் வேலை செய்கிறது: பைகார்பனேட்டைக் கடலுக்குக் கொண்டு போகிறது, உபரி வாயுவை வழியெல்லாம் உதிர்க்கிறது.

பாறை தந்த காரம் அனைத்தும் கடலுக்குப் போய்ச் சேர்வதில்லை. இது மழை குறைந்த, வெயில் மிகுந்த பூமி. மண்ணிலுள்ள நீர் வற்றும்போது கால்சியம் பைகார்பனேட் நிலத்திலேயே கல்லாகிவிடும். உழவர்கள் சுக்கான்கல் என்று சொல்லும் வெண்முடிச்சுகள் இப்படி உண்டானவை. பாத்திரத்தின் அடியில் படிந்த ஏட்டின் அண்ணன் என்று இதைச் சொல்லலாம்.

சுக்கான்கல் படிவதில் ஒரு தீங்கும் ஒளிந்திருக்கிறது. கால்சியம் கல்லாகிப் பிரிந்தபின் நிலத்தடி நீரில் மிஞ்சுவது சோடியமும் பைகார்பனேட்டும். இப்பாறைகளின் சில தாதுக்களில் ஃபுளூரின் உண்டு. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளூரைடு அதிகம் கரைய முடியாது. இரண்டும் சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் போனபின் தடை நீங்குகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல கிராமங்களில் கிணற்று நீரில் ஃபுளூரைடு மிகுந்து பல்லில் கறையும் எலும்பில் முடக்கமும் உண்டானதற்கு இந்த இரசாயனமே அடிப்படை. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு வழி இல்லாவிட்டால் ஒன்றரைவரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. இந்நோயை இந்தியாவில் முதலில் விவரித்தவர்கள் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவர். 1937-ல், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தைப் பற்றி அவர்கள் எழுதினார்கள். நம் இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. எல்லை கடந்த சச்சரவுகளுக்கிடையே வேலை நடந்து 2013-ல் திறக்கப்பட்டது. நோய் கண்டறிந்த ஆண்டிலிருந்து இத்திட்டம்வரை எழுபத்தாறு ஆண்டுகள். இரசாயனம் தெரிந்திருப்பது வேறு, குழாயில் தண்ணீர் வருவது வேறு.

கடல் விழுங்கிவிடும் என்ற நம்பிக்கை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலக்கரிப் புகை கணக்கிற்குள் வந்தது. ஸ்வீடன் நாட்டுப் புவியியலார் ஆர்விட் ஹோக்பாம், பாறை அரிப்பும் எரிமலையும் நிலக்கரியும் காற்றில் செய்யும் வரவு செலவை ஒப்பிட்டார். அவருடைய நண்பர் ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1896-ல், கரியமில வாயு கூடினால் பூமியின் வெப்பம் எவ்வளவு ஏறும் என்று கணக்கிட்டார். ஆனால் அர்ரீனியஸ் அஞ்சவில்லை. எரிப்பதால் உண்டாகும் வாயுவில் ஆறில் ஐந்து பங்கைக் கடல் விழுங்கிவிடும் என்று எழுதினார். கடலில் காற்றைப் போல் அறுபது மடங்கு கார்பன் இருக்கும்போது, கூடுதலாக வருவதையும் அதே விகிதத்தில் அது ஏற்காதா? அரை நூற்றாண்டு காலம் பெரும்பாலோர் இப்படியே எண்ணினர்.

அதை அசைத்தவர் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாராய்ச்சி நிலையத் தலைவர் ரோஜர் ரெவெல். அவரும் ஹான்ஸ் சூஸும் 1957-ல் எழுதிய கட்டுரை இத்துறையில் மிகவும் பேசப்படுவது. ஒரு வேடிக்கை என்னவென்றால், கட்டுரையின் பெரும்பகுதி கடல் விரைவாக வாயுவை ஏற்கிறது என்றே சொல்கிறது. ஏற்கத் தயங்கும் என்ற முக்கிய வாக்கியங்களை ரெவெல் பிற்பாடுதான் சேர்த்தார் என்று வரலாற்றாசிரியர் ஸ்பென்சர் வியர்ட் காட்டியிருக்கிறார். 1959-ல் போலினும் எரிக்சனும் அதைத் தெளிவான கணக்காக்கினார்கள்.

தயக்கத்தின் காரணம் இதுதான். புதிதாக வந்து கரையும் வாயுவைக் கட்டிப்போடக் கடலிடம் உள்ள ஆள் கார்பனேட். ஒரு மூலக்கூறு கரியமில வாயுவும் ஒரு கார்பனேட்டும் நீரோடு சேர்ந்து இரண்டு பைகார்பனேட்டாகின்றன. ஆனால் நூறில் ஒன்பது பேரே கார்பனேட் என்று பார்த்தோம். 90 பைகார்பனேட்டுகள் ஏற்கனவே வேலையில் அமர்ந்துவிட்டவை. புதியவரை வரவேற்க அவற்றால் ஆவதில்லை. எனவே காற்றில் வாயு பத்துச் சதவீதம் கூடினால் கடலின் மேல்நீரில் மொத்தக் கார்பன் ஏறக்குறைய ஒரு சதவீதமே கூடுகிறது. இதற்கு இன்று ரெவெல் காரணி என்று பெயர். மேல்நீர் ஆழத்தோடு கலந்தால் மேலும் ஏற்க முடியும். ஆனால் அப்படிக் கலக்கப் பல நூறு ஆண்டுகள் பிடிக்கும்.

ரெவெல் நமக்கு அந்நியர் அல்லர். இந்தியக் கல்வியை ஆராய 1964-ல் அமைக்கப்பட்ட கோத்தாரி கமிஷனில் அவர் ஓர் உறுப்பினர். நம் பள்ளிகளில் விஞ்ஞானம் எப்படிக் கற்பிக்கப்பட வேண்டும் என்று யோசித்தவர்களில், கடல் எவ்வளவு வாயுவை ஏற்கும் என்று யோசித்தவரும் இருந்தார் என்பதை ஆசிரியர்கள் பலர் அறியார். அவர் ஊக்குவித்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வு 1965 வரை நடந்தது. நம் கடற்படையின் 'கிஸ்த்னா' கப்பல் அதில் பங்கேற்றது. அதன் தொடர்ச்சியாக 1966-ல் தேசியக் கடலாராய்ச்சி நிறுவனம் பிறந்து கோவாவில் நிலைகொண்டது. 1990-களில் அரபிக் கடலில் நடந்த ஆய்வுகள் எதிர்பாராத ஒன்றைக் காட்டின. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது சோமாலியா, ஓமான் கரைகளில் ஆழத்து நீர் மேலே வருகிறது. அதில் கரியமில வாயு மிகுதி. ஆகவே ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அரபிக் கடல் வாயுவைக் காற்றுக்குக் கொடுக்கிறது. கடல் என்றால் உறிஞ்சும் என்ற பொது விதி நம் மேற்கு வாசலிலேயே பொய்த்துவிட்டது. கிழக்கே வங்கக் கடலில் ஆறுகளின் நன்னீர் மேலே மெல்லிய போர்வையாக மிதப்பதால் கணக்கு வேறு.

அமிலமாகும் கடல்

ரெவெலின் ஏற்பாட்டில் சார்லஸ் கீலிங் 1958-ல் ஹவாயித் தீவின் மௌனா லோவா மலையில் காற்றை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. மனிதர் வெளிவிடுவதில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் ஏற்கிறது. ஏற்பது நல்லதுதானே என்றால், அதற்கு விலை இருக்கிறது.

அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பி.எச். அளவுகோலை 1909-ல் வகுத்தவர் டென்மார்க்கின் ஸோரன்சன். பீர் ஆலையொன்றின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். மறு ஆண்டே அதைக் கடல்நீருக்கும் பயன்படுத்தினார். தொழிற்புரட்சிக்கு முன் கடலின் மேல்நீர் ஏறக்குறைய 8.2, இன்று 8.1 அல்லது சற்றுக் குறைவு. பத்தில் ஒன்று என்று அலட்சியம் செய்யலாகாது. இந்த அளவுகோல் மடக்கை முறையில் அமைந்தது. பத்தில் ஒன்று குறைந்தால் ஹைடிரஜன் அயனிகள் நூற்றுக்கு 26 கூடிவிட்டன என்று பொருள். கடல் இன்னும் காரத்தின் பக்கமே இருக்கிறது, எலுமிச்சைச் சாறாகிவிடவில்லை. ஆனால் கார்பனேட் குறைந்துவிட்டது. பவளத்திற்கும் சிப்பிக்கும் கூடு கட்டும் செங்கல் அதுதான்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் உள்ளன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக அவற்றை வெட்டி எடுத்தார்கள்; 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டன. 2016-ல் கடல்நீர் சூடேறியதால் அங்குப் பவளங்கள் வெளுத்து மாண்டன. உடனடி எதிரி வெப்பம்தான், அமிலம் அல்ல. ஆயினும் வெந்து பிழைத்த பவளம் மீண்டும் கட்டத் தொடங்கும்போது, கார்பனேட் பற்றாக்குறையை அங்கே உணரும்.

பாறையின் நேரமும் நம் நேரமும்

கடல் இழக்கும் காரத்தைப் பாறைகள் மறுபடியும் நிரப்பிவிடும். 1981-ல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற மூவர் இதைத் தெளிவாக்கினார்கள். காற்றில் வாயு கூடினால் வெப்பமும் மழையும் கூடும், பாறை விரைவாக அரிபடும், வாயு குறையும். பூமியின் தெர்மோஸ்டாட் இது. ஆனால் அது வேலை செய்ய இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். உலகின் சிலிகேட் பாறைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 14 கோடி டன் கார்பனைக் காற்றிலிருந்து எடுக்கின்றன. நாம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மூலம் விடுவது ஏறக்குறைய 1,000 கோடி டன். எழுபது பேர் வாரி இறைக்க, ஒருவர் பொறுக்குவதுபோல.

பாறையைப் பொடித்து வயலில் தூவினால் வேலை விரைவாகுமே என்ற யோசனை இப்போது உலகெங்கும் பரவியிருக்கிறது. இந்தியாவில் சிறு விவசாயிகளின் வயல்களில் பசால்ட் கல் பொடியைத் தூவும் மாட்டி கார்பன் நிறுவனத்திற்கு 2025-ல் எக்ஸ்பிரைஸ் போட்டியின் முதற்பரிசு கிடைத்தது. கிருஷ்ணகிரியைச் சுற்றிக் கல் அறுக்கும், உடைக்கும் ஆலைகளின் ஓரத்தில் குவிந்து கிடக்கும் தூளைப் பார்த்தவர்களுக்கு ஆசை எழுவது இயல்பு. ஆசையை இரசாயனம் கொஞ்சம் கட்டுப்படுத்துகிறது. கிரானைட் தூள் மிக மெதுவாகக் கரையும். அதில் கால்சியமும் மக்னீசியமும் குறைவு. பசால்டுக்கு உறவான டாலரைட் தூள் மேலானது. ஆனால் வறண்ட மண்ணில் விடுபடும் கால்சியம் சுக்கான்கல்லாகிவிட்டால் பாதிப் பலன் அங்கேயே போயிற்று. கூடவே ஃபுளூரைடுக்குக் கதவு திறக்கவும் கூடும். நுண்தூள் தொழிலாளியின் நுரையீரலுக்குள் போனால் சிலிகோஸிஸ். அரைக்கும் மின்சாரத்திற்கும் ஏற்றிச் செல்லும் லாரிக்கும் எரிபொருள் வேண்டும். இவற்றையெல்லாம் கழித்தபின் நிற்பதுதான் இலாபம். அதை அளந்தே சொல்ல வேண்டும்.

அளப்பது கடினமல்ல. மேல்நிலைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ளவை போதும். நூறு மில்லிலிட்டர் நீரில் சில துளி மெதில் ஆரஞ்சு விட்டால் மஞ்சளாகும். ஐம்பதில் ஒரு பங்கு நார்மல் வலிமையுள்ள கந்தக அமிலத்தைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சள் ஆரஞ்சாகத் திரும்பும் இடத்தில் நிறுத்த வேண்டும். செலவான அமிலத்தின் மில்லிலிட்டரைப் பத்தால் பெருக்கினால், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரம் என்று கிடைக்கும். அன்று டோர்னோவும் டிட்மாரும் தேடியது இந்த எண்ணைத்தான். கடல்நீருக்கு ஏறக்குறைய பதினொன்றரை மில்லிலிட்டர் அமிலம் பிடிக்கும். கெலவரப்பள்ளியிலும் கிருஷ்ணகிரி அணையிலும் ஒரு மாணவர் குழு மழைக்கு முன்னும் பின்னும் இதைச் செய்து பார்க்கலாம். பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரையும் சேர்த்துக்கொள்ளட்டும். அது கடல்நீரைவிட இரண்டு மடங்கு அமிலத்தைக் குடித்தால் பியூரெட்டைக் குறை சொல்ல வேண்டாம். பாறையிலிருந்து புதிதாக வந்த காரம் அது. கடலில் சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும் அதை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. கிணற்றுக்குள் எடுக்க ஆளில்லை.